மேல்கரை மில்லின் சாவி

சமாதானத்தின் விலை வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலர். மூன்று வருஷத்துக்கு முப்பது கோடி. இந்த விலையைத் தும்பீரா சந்தைக்குக் கொண்டுவந்தவர் லாரி வியாபாரி ஹாஜி புஷ்ரா. வாரம் ஒருமுறை கடுக்லி நகரத்திலிருந்து சீனியும் தேயிலையும் சோப்பும் கொண்டுவருவார். கூடவே ரேடியோவில் கேட்டதையும், உப்பும் வெங்காயமும் தேநீரும் விற்கும் கல்தூமாவின் கடையில் இறக்கிவைப்பார். அதற்கு மட்டும் காசு வாங்க மாட்டார்.

"அமெரிக்காவுல சட்டமே போட்டுட்டாங்க கல்தூமா, நம்ம நாட்டுல சண்டை நிக்கணும்னு."

"நல்ல காரியம். அதுல நம்ம கரைக்கு எவ்வளவு?"

"இந்தக் கரைக்கா?" ஹாஜி தேநீரை ஊதிக் குடித்தார். "ஒரு தினார் கிடையாது. அரசாங்கத்தோட கை எட்டாத இடத்துக்குத்தான் உதவின்னு எழுதியிருக்காம்."

"எழுதுனவன் இந்த ஓடையைப் பார்த்திருக்கானா?"

"பார்த்திருந்தா உன் கடையில ஒரு டீ குடிச்சுட்டுத்தானே போயிருப்பான்."

ஓடை முப்பது தப்படி அகலம். வருஷத்தில் எட்டு மாதம் மணல்தான். அதற்கு மேல்கரை மலைக்காரர் படையின் கையில், கீழ்கரை அரசாங்கத்தின் கையில். அரசாங்கம் இங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் தகரக் கூரை போட்ட ஒரு போஸ்டு, ஒரு கொடி, மூன்று போலீஸ்காரர்கள். பதினைந்து வருஷம் அந்த முப்பது தப்படியை யாரும் பகிரங்கமாகத் தாண்டியதில்லை. தாண்டினால் ஏதாவது ஒரு கரையிலிருந்து குண்டு வரும். போன வருஷம் ஜனவரியில் சண்டை நிறுத்தம் கையெழுத்தானது. அதன்பிறகு பெண்கள் தலையில் பானையுடன் போகிறார்கள், வருகிறார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் ஹாஜி. "ஆறு மாசத்துக்கு ஒருதடவை அவங்க ஜனாதிபதி ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும், ரெண்டு தரப்பும் ஒழுங்காப் பேசறாங்கன்னு. நம்ம அரசாங்கம் ஏமாத்துச்சுன்னா வெளிநாட்டுக் கடன் கிடையாது, ஆயுதம் வாங்க விட மாட்டாங்க, இன்னும் என்னென்னவோ தடை."

"மலைக்காரங்க ஏமாத்துனா?"

"அப்போ அரசாங்கத்துக்கு அடி விழாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்ல தராசு ஹாஜி. நான் இப்படி ஒண்ணு வச்சிருந்தா என்னை இந்தச் சந்தையில விட்டுவைப்பீங்களா?"

ஹாஜி சிரித்துக்கொண்டே லாரி ஏறினார். கல்தூமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேல்கரையில் மாவு மில் ஓட ஆரம்பித்திருந்தது. டுக்கு டுக்கு, டுக்கு டுக்கு. அந்தச் சத்தத்தை வைத்தே எத்தனை கூடை சோளம் அரைபடுகிறது என்று அவளால் சொல்ல முடியும். விடிந்ததிலிருந்து பதினேழு கூடை. தன் வெங்காயம் எத்தனை விற்றது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருந்தது.

மில்லின் சாவி அவள் தங்கை கோஷேயின் கழுத்தில் தொங்குகிறது. எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சண்டை தொடங்கியபோது கோஷே புருஷனுடன் மேல்கரையோடு போய்விட்டாள். அங்கே உப்பு கிடையாது. வழியெல்லாம் அரசாங்கம் அடைத்துவிட்டது. ஒரு கிண்ணம் உப்புக்கு ஓர் ஆடு கேட்ட காலம் அது. கல்தூமா ஆடு மேய்ப்பவர்கள் கையில், உமிக்கு நடுவே புதைத்து, தங்கைக்கு உப்பு அனுப்பினாள். பதினோரு மூட்டை. ஒரு முறை மாட்டிக்கொண்டு ஒன்பது நாள் கடுக்லியில் உள்ளே இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கடைக் கதவின் உள்பக்கம் மூட்டைக்கு ஒரு கரிக்கோடு போட்டுவைத்தாள். கோடுகள் கடனுக்காக இல்லை. சும்மா கொடுத்ததுதான். ஆனாலும் வியாபாரம் மந்தமான நாளில் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பதினோரு கோட்டைப் பார்த்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். பாவம் கோஷே என்று ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கு ஈடாக அவளிடம் வேறு நகை எதுவும் இல்லை.

சண்டை நின்று, தங்கை முதல்முறை ஓடையைத் தாண்டி வருகிறாள் என்று தெரிந்ததும், உடம்பில் சுற்றிக்கொள்ளும் தன் பழைய தோப் துணியைத் துவைத்து மடித்துத் தயாராக வைத்திருந்தாள். கந்தலோடு வருபவள் போர்த்திக்கொள்ளட்டும் என்று. கோஷே வந்தாள். மெலிந்துதான் இருந்தாள். ஆனால் உடுத்தியிருந்த தோப் புதிது. கொஞ்ச மாதத்தில் கழுத்தில் சாவியும் ஏறிவிட்டது. வெளிநாட்டு உதவிக்காரர்கள் மேல்கரைப் பெண்களுக்கு மில் கொடுத்தார்கள், பெண்கள் கூடி கோஷேயைத் தலைவியாக்கினார்கள். பழைய தோப் இன்னும் மடித்தபடியே கிடக்கிறது.

மில்லுக்கு ஒரு சட்டம். பதிவு செய்து அட்டை வாங்கிய மேல்கரைக் குடும்பங்கள் மட்டும்தான் அரைக்கலாம். கீழ்கரைப் பெண்கள் கல்லில் அரைத்துக்கொள்ளலாம், இல்லை, மூன்று மணிநேரம் நடந்து வேறு மில்லுக்குப் போகலாம்.

"அக்கா, உன் சோளத்தை என் அட்டையில அரைச்சுத் தர்றேன்" என்றாள் கோஷே ஒருநாள். "யாருக்கும் தெரியாது."

"என் கைக்கு என்ன வந்துச்சு? கல்லு இருக்கு."

"கை காய்ச்சுப் போச்சே."

"காய்க்காம என்ன செய்யும்? சாவியா பிடிச்சுட்டு இருக்கேன்?"

கோஷே சிரித்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட கொஞ்சம் ஆறியிருக்கும். கொடுக்கிற கை எப்போதும் தன் கையாகத்தான் இருந்தது. அது எந்தச் சந்தையில் எந்த நேரத்தில் கைமாறியது என்று கல்தூமாவுக்குப் புரியவே இல்லை.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. உதவிக்காரர்களிடம் இன்னொரு மில் இருக்கிறது, எங்கே வைப்பது என்று பார்க்க வியாழக்கிழமை ஒருவர் வருகிறார். கல்தூமா உப்பு அளந்துகொண்டே யோசித்தாள். அரசாங்கத்தின் கை எட்டாத இடம் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கரையில் அரசாங்கத்துக்கு எத்தனை கை? மூன்று பேர், ஆறு கை. அதில் இரண்டு எந்நேரமும் அவள் கடைத் தேநீர்க் குவளையைப் பிடித்திருப்பவை.

அந்த இரண்டுக்கும் சொந்தக்காரரான ஏட்டு பக்கீத், நைல் நதிக்கரையிலிருந்து மாற்றலாகி வந்து நாலு வருஷமாக ஊருக்குத் திரும்ப மனுப் போட்டுக்கொண்டிருப்பவர்.

"ஏட்டையா, வியாழக்கிழமை கரோங்கா ஊர்ல மல்யுத்தம். போகலையா?"

"அது மலைக்காரங்க பக்கம் அக்கா."

"துப்பாக்கி இல்லாம யாரு எங்க போனாலும் கேள்வி கிடையாதுன்னுதானே ஒப்பந்தம். போன வாரம் அவங்க ஆளுங்க இங்க வந்து சீனி வாங்கிட்டுப் போகலையா?"

பக்கீத் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன விஷயம்?"

"ஒரு நாளைக்கு போஸ்டு காலியா இருக்கணும். மூணு பேரும் போயிடணும். கொடியும் கீழ இறங்கணும்."

"அப்புறம் என்னையும் கீழ இறக்கிடுவாங்க."

"யாரு பார்க்கப் போறா? உங்க மேலதிகாரி இந்தப் பக்கம் வந்து ரெண்டு மழை ஆயிடுச்சு."

"துப்பாக்கியை எங்க வைக்கிறது?"

"என் கடையில, உப்பு மூட்டைக்கு அடியில. கொடியைக் குடுங்க, துவைச்சுத் தர்றேன். எந்த நாட்டுக் கொடின்னே தெரியலை, அவ்வளவு அழுக்கு."

பக்கீத் குவளையைக் கீழே வைத்தார். பிறகு, "அஞ்சு ஆடு" என்றார்.

"அஞ்சு ஆடு செலவழிச்சா உங்களைத் தூக்கிட்டுப்போய் உங்க ஊர்லயே விட்டுட்டு வரலாம். ஒண்ணு."

"அரசாங்கத்தோட மானம் ஒரு ஆடா?"

"அரசாங்கத்தோட மானம் என் கடையில எழுபத்திரண்டு டீ பாக்கி வச்சிருக்கு. அதையும் சேர்த்து எடை போடுங்க."

"மூணு ஆடு, டீ பாக்கி தள்ளுபடி, நாலு கிலோ சீனி."

"ரெண்டு ஆடு. டீ தள்ளுபடி. சீனி ரெண்டு கிலோ."

"கூட இருக்கிற ரெண்டு பேருக்கு?"

"ஆட்டுல ஈரல் அவங்களுக்கு."

பக்கீத் கையை நீட்டினார். கல்தூமா தட்டினாள். பத்துக் கோடி டாலர் சட்டத்தை இரண்டு ஆட்டுக்கு வளைத்துவிட்டதில் அவளுக்கு ஒரு சின்ன கர்வம் வந்தது. கோஷேக்கு இது வருமா?

வியாழக்கிழமை காலை போலீஸ்காரர்கள் மூன்று பேரும் வெள்ளை அங்கி போட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல ஓடையைத் தாண்டினார்கள். கல்தூமா கொடியைத் துவைத்துக் கடைக்குள்ளேயே காயப்போட்டாள். போஸ்டுக்குள் தன் கிழட்டு வெள்ளாடு ஒன்றைக் கட்டி, முன்னால் புல் போட்டாள்.

வெயில் ஏறும் நேரத்தில் உதவிக்காரர்களின் ஆள் வந்தார். கென்யாக்காரர், பெயர் முதுவா. அரைகுறை அரபி. நடந்து வந்த களைப்பில் நேராக உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். அடியில் மூன்று துப்பாக்கி. கல்தூமா தேநீர் கொடுத்தாள்.

"இந்தக் கரையில் யார் ஆட்சி, அம்மா?"

"யாரும் இல்லீங்க."

"வரி யார் வாங்குகிறார்கள்?"

"கேட்டு யாராவது வந்தா குடுக்கலாம்னு இருக்கோம்."

"அந்தத் தகரக் கூரை?"

"ஆட்டுக் கொட்டகை."

முதுவா எட்டிப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்துக் கத்தியது. அவர் காகிதத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி போட்டார். "நூற்று நாற்பது குடும்பம் என்றால் ஒரு மில் நியாயம்தான். பொறுப்பு யாரிடம் கொடுப்பது?"

"என்கிட்ட" என்றாள் கல்தூமா. மேல்கரையில் டுக்கு டுக்கு கேட்டது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்தச் சத்தம் அவள் காதுக்கு இதமாக இருந்தது. சாவிக்குக் கயிறு என்ன நிறம் வாங்கலாம் என்றுகூட யோசித்தாகிவிட்டது. சிவப்பு. கோஷேயின் கயிறு கறுப்பு.

அப்போதுதான் புழுதி கிளப்பிக்கொண்டு கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வண்டி வந்தது. சண்டை நிறுத்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் குழு அது. ஒரு வண்டியில் எப்போதும் மூன்று பேர். அரசாங்கத்துக் கேப்டன் ஒருவர், மலைக்காரர் கேப்டன் ஒருவர், நடுவில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. சும்மா சுற்றிவரும் நாள்தான். ஆனால் கொடி இல்லாத கம்பத்தைப் பார்த்ததும் வண்டி நின்றது. அரசாங்கத்துக் கேப்டன் போஸ்டுக்குள் போனார், ஆட்டோடு வெளியே வந்தார்.

"எங்க ஆளுங்க எங்க? கடத்திட்டுப் போயிட்டீங்களா?"

"உங்க ஆளை வச்சு நாங்க என்ன பண்றது? சோறு யாரு போடறது?" என்றார் மலைக்காரர் கேப்டன். "நீங்களே விட்டுட்டுப் போனீங்கன்னா இனிமே இது எங்க கரை. சாயங்காலம் ஆள் அனுப்பறேன்."

"அனுப்பிப் பாரு."

"பார்க்கத்தானே போறே."

வெள்ளைக்கார அதிகாரி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அந்தப் படிவத்தைக் கீழ்கரையில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தை மீறியதாக அதில் எழுதினால், அது மேலே மேலே போய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்தாகும் அந்தக் காகிதம்வரை போகும் என்று ஹாஜி சொல்லியிருக்கிறார். உதவி நிற்கும், தடை வரும், பிறகு பழையபடி குண்டும் வரும். முதுவா மெதுவாக மூட்டையை விட்டு எழுந்தார். மூட்டை சரிந்தது. உப்புக்கு நடுவே ஒரு துப்பாக்கிக் கட்டை தலையை நீட்டியது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு கல்தூமாவைப் பார்த்தார்கள். அவள் மூட்டையை நிமிர்த்தப் போய் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொட்டினாள். சந்தையில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

மில் சத்தம் நின்றிருந்தது. அதை அவள் கவனித்தது, கோஷே ஓடை மணலில் கால் புதையப் புதைய வேகமாக வருவதைப் பார்த்த பிறகுதான். காலையில் மில்லடியில் தண்ணீர் குடிக்க நின்ற ஏட்டு பக்கீத், யார் கேட்டார்களோ, கோஷேயிடம் முழுக் கதையையும் கொட்டிவிட்டுப் போயிருந்தார்; வெள்ளை வண்டி நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு மீதி புரிந்துவிட்டது.

"எதுக்குச் சத்தம்?" என்றாள் கோஷே மூச்சு வாங்க. "போலீஸ்காரங்க என் விருந்தாளிங்க. மல்யுத்தம் பார்க்க நான்தான் கூப்பிட்டேன்."

"நீயா?" என்றார் மலைக்காரர் கேப்டன்.

"நான்தான். துப்பாக்கியோட எங்க கரைக்கு வரக் கூடாது, அக்கா கடையில வச்சுட்டு வாங்கன்னு சொன்னதும் நான்தான். கொடியையும் கழட்டி உள்ள வைக்கச் சொன்னேன். ஆள் இல்லாத கொடியை யாராவது கிழிச்சா அதுக்கும் நீங்க சண்டை போடுவீங்களே. சாயங்காலம் திரும்பி வந்துடுவாங்க. ஒப்பந்தத்துல இதுல எது தப்பு, சொல்லுங்க."

மொழிபெயர்த்துச் சொன்னார்கள். வெள்ளைக்காரர் நெடுநேரம் கோஷேயைப் பார்த்தார், அவள் கழுத்துச் சாவியைப் பார்த்தார், உள்ளே ஈரம் சொட்டிக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தார். படிவத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். ஆடு யாருடையது என்று மட்டும் கேட்டார். கல்தூமா கையைத் தூக்கினாள்.

முதுவா தன் காகிதத்தை எடுத்து, குறி போட்ட கட்டத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். "போலீஸ் இருக்கிற இடமா, அம்மா? முன்பே சொல்லியிருக்கலாம். உங்களுக்கு ஒரு தேநீர் மிச்சமாயிருக்கும்."

பத்து நாளைக்குள் மேல்கரையில் பெண்கள் கூட்டம் நடந்தது. அரசாங்கத்துப் போலீஸை விருந்துக்குக் கூப்பிட்டவளிடம் மில் சாவி இருக்கலாமா என்று கேள்வி வந்தது. இந்தச் சண்டையில் அண்ணனையும் மகனையும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கோஷே எழுந்தாளாம். கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி நடுவில் வைத்துவிட்டாளாம்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஏட்டு பக்கீத். கல்தூமா அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குவளை பாதி நிறையும்வரை அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சுத்தமான, கலப்படமில்லாத சந்தோஷம். மீதிப் பாதி நிறைவதற்குள் அது திரிந்துவிட்டது. சாவி இருந்தபோதாவது கோஷே சாவி அளவுக்குத்தான் உயரம். இப்போது எவ்வளவு உயரம் என்று அளக்க அவளிடம் படியே இல்லை. மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் அப்படி ஒரு பொய்யைத் தான் சொல்லியிருக்க முடியுமா? தோற்பதில்கூட அவள் முந்திக்கொண்டாளே என்று எரிந்தது.

"அந்த ரெண்டு ஆட்டைத் திருப்பிக் குடுங்க ஏட்டையா. காரியம் நடக்கலை."

"நாங்க போனோமா இல்லையா? போறதுக்குத்தானே ஆடு? அதுவும் கரோங்காவுலயே சாப்பிட்டாச்சு. ஈரல் அவ்வளவு ருசி அக்கா."

அடுத்த சந்தை நாளில் கோஷே வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கயிறு உரசிய தடம் மட்டும் தெரிந்தது. கிண்ணத்தை நீட்டினாள்.

"உப்பு."

கல்தூமா குவித்து அளந்தாள். கோஷே தினாரை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ. உன்கிட்ட நான் காசு வாங்கறதா?"

"வாங்கிக்கோ அக்கா. பதினஞ்சு வருஷம் சும்மா வாங்கியாச்சு. போதும்."

"என்னடி போதும்?"

கோஷே மூட்டை ஓரமாக உட்கார்ந்தாள். "உன் உப்பு வர்ற அன்னைக்கெல்லாம் ஊரே சந்தோஷப்படும். எனக்குக் களி தொண்டையில இறங்காது. அவ குடுக்கிற இடத்துலயே இருக்கா, நான் வாங்கற இடத்துலயே இருக்கேன்னு வயிறு எரியும். ஒருநாளாவது அவ என்கிட்ட வந்து நிக்கணும்னு அப்படி வேண்டிக்கிட்டிருக்கேன். மில்லு வந்ததும் முதல்ல உன்னைத்தான் நினைச்சேன். நீ கல்லுல அரைக்கிறேன்னு சொன்னே பாரு, அன்னைக்குச் சிரிச்சேனே, வீட்டுக்குப் போய் அழுதேன்."

கல்தூமா தராசைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "பதினோரு மூட்டை அனுப்பினதுக்கு நல்ல மரியாதை."

"பதினொண்ணா? எட்டுதான் வந்துச்சு."

"எட்டா?"

"எட்டு. நானும் எண்ணிட்டுதான் இருந்தேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்பதில் இன்றுவரை தகராறு உண்டு.

"சரி, நாளைக்குச் சோளத்தைக் குடுத்தனுப்பு" என்றாள் கோஷே எழுந்துகொண்டே. "சாவிதான் போச்சு. அட்டை இருக்கு."

கல்தூமாவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. கையைப் பார்த்தாள். காய்ப்பு வெடித்திருந்தது. "ரெண்டு கூடை" என்றாள். சொன்னது அவளுக்கே கேட்டதா தெரியவில்லை, கோஷேக்குக் கேட்டது.

தங்கை ஓடையைத் தாண்டியதும் கல்தூமா கடைக் கதவைச் சாத்தினாள். பதினோரு கரிக்கோட்டில் வழியில் போன மூன்றைக் கட்டைவிரலால் அழித்தாள். எட்டு. அதற்கு நேரே, மறுபக்கத்தில், கரித்துண்டால் ஒரு சாவி வரைந்தாள். கீழே அரைக்கப்போகும் சோளத்துக்கு இரண்டு வட்டம். பலகையில் கிடந்த தினாரை எடுத்து எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் முந்தியில் முடிந்துகொண்டாள். ஒரு சாவிக்கு எத்தனை மூட்டை உப்பு? தனக்குத் தெரிந்த எல்லாச் சந்தை விலையையும் போட்டுப் பார்த்தாள். எட்டில் அடங்கவில்லை, பதினொன்றே வந்திருந்தாலும் அடங்காது. இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி தன் பக்கம்தான் நின்றது.